கருவிழிப் பூஞ்சைப் புண்: மதுரை ஆய்வுகள் வளர்ந்த வழி (1993–2016)

முன்னுரை

கதிரடிக்கையில் நெற்சுணை தெறித்தோ கரும்புத் தோகை உரசியோ கருவிழியில் விழும் கீறல், சில நாள்களில் புண்ணாகிப் பார்வையைப் பறிப்பது உழவர் வாழ்வில் பழகிப்போன துயரம். இத்தகைய புண்ணைப் பூஞ்சையும் உண்டாக்கும் என்பதை 1879இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபர் முதன்முதலாக விவரித்தார். அவருடைய நோயாளியும் கதிரடிக்கையில் கண்ணில் உமி பட்ட உழவரே. நூறாண்டுகளுக்குப் பின், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சான்ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வுகள், இந்நோய்க்கான சிகிச்சையை உலகளவில் தெளிவுபடுத்தின. நோய் மிகுந்த மண்ணிலேயே நோயாளிகளை எண்ணி, கிருமியை இனங்கண்டு, அதன் பிறகே மருந்துகளை ஒப்பிட்டதுதான் இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

எண்ணிக்கையும் இனங்காணலும்

1993ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் 1 லட்சம் பேரில் 113 பேருக்கு ஆண்டுதோறும் கருவிழிப் புண் ஏற்பட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஓம்ஸ்டெட் வட்டாரத்தில் இதே கணக்கு 11 மட்டுமே.

அடுத்த கேள்வி, புண்ணை உண்டாக்கும் கிருமி எது என்பது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரைக்கு வந்த 434 நோயாளிகளை மு. சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தனர். சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் விளிம்பையும் அடியையும் சுரண்டி எடுப்பார்கள். அதில் ஒரு பகுதியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டால் திசு தெளிந்து, கிளைத்துப் படர்ந்த பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் புலப்படும். எஞ்சியதை வளர்ப்பு ஊடகத்தில் இடுவார்கள். கிருமி வளர்ந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியாவும் 139 பேருக்குப் பூஞ்சையும் காரணமாக இருந்தன. பூஞ்சைகளில் ஏறத்தாழ பாதி, மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம். குளிர்நாடுகளிலோ கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைகளின் பங்கு அதிகம். அங்கு நடக்கும் மருந்துச் சோதனையின் முடிவு மதுரை உழவருக்கு அப்படியே பொருந்தாது என்பதை இந்த வேறுபாடு உணர்த்தியது.

மருந்து ஒப்பீடு

பூஞ்சைப் புண்ணுக்கு விடும் சொட்டு மருந்தான நேட்டமைசின் 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரியில் கண்டறியப்பட்டது. கரையாத வெண்துகள்கள் அடியில் தங்குவதால் குலுக்கித்தான் விட வேண்டும். கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது. பின்னர் வந்த வோரிகோனசோல் எளிதில் ஊடுருவும். ஆய்வகச் சோதனைகளில் பல பூஞ்சைகளைக் குறைந்த அளவிலேயே கட்டுப்படுத்தியது. எனவே புதிய மருந்தின் பக்கமே பலரின் சாய்வும் இருந்தது. 120 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு உறுதியான வேறுபாட்டைக் காட்டவில்லை.

அதனால் பெரிய சோதனை தேவைப்பட்டது. ந. வெங்கடேஷ் பிரஜ்னா முதன்மை ஆய்வாளர்களுள் ஒருவராக இருந்த இச்சோதனையில், 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை 323 பேர் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவானது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடிய 2 மணிக்கு ஒன்று. வோரிகோனசோல் பெற்றவர்களுக்குத் தீங்கு அதிகம் எனத் தெரியவந்ததால், கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி திட்டமிட்ட 368 பேரை எட்டும் முன்பே சேர்க்கை நிறுத்தப்பட்டது.

2013இல் வெளியான முடிவின்படி, 3 மாதத்தில் நேட்டமைசின் பெற்றோரின் பார்வை, பரிசோதனைப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ 2 வரிகள் மேலாக இருந்தது. ஃபியூசேரியம் புண்ணில் வேறுபாடு 4 வரிகள். பிற பூஞ்சைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1994இல் இனங்கண்ட கிருமியே 2013இல் முடிவைத் தீர்மானித்தது. ஃபியூசேரியம் அரிதான ஊரில் இதே சோதனை நடந்திருந்தால் இரண்டு மருந்தும் ஒன்றே என்று முடிந்திருக்கக்கூடும்.

எஞ்சிய கேள்விகள்

கடும் புண்ணுக்கு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் பயனுண்டா என 240 பேரிடம் நடந்த அடுத்த சோதனையில், கருவிழியில் துளை விழுவது மொத்தத்தில் குறையவில்லை (2016). தடுப்பு முயற்சி வேறு பாடம் தந்தது. மதுரை மாவட்டக் கிராமங்களில் கீறல் பட்ட உடனே பாக்டீரியா எதிர்ப்புக் களிம்பு இட்டவர்களில் பெரும்பாலோர், பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் குணமடைந்தனர்.

முடிவுரை

சரியான மருந்து கிடைத்தும் சில கண்கள் பறிபோவது ஏன் என்பதே இன்று இத்துறை முதுநிலை ஆய்வாளர் முன்னுள்ள கேள்வி. பூஞ்சை சுரக்கும் புரதங்கள், கண்ணீரின் எதிர்வினை, உடலின் அழற்சி ஆகியவற்றை நோக்கி ஆய்வு நகர்கிறது. எந்தக் கோணத்தில் தொடங்கினாலும், ஆய்வகத்தில் வென்ற மருந்து கண்ணில் தோற்றதை மதுரைச் சோதனை காட்டிவிட்டது. ஆகவே ஆய்வக முடிவை நோயாளியிடம் சரிபார்க்கும் திட்டமும், வட்டாரக் கிருமிகளின் கணக்கும் ஆய்வு முன்மொழிவிலேயே இடம்பெற வேண்டும்.