ஐ. எஃப். ஸ்டோன்ஸ் வீக்லி

ஐ. எஃப். ஸ்டோன்ஸ் வீக்லி, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து 1953 ஜனவரி முதல் 1971 டிசம்பர் வரை வெளிவந்த நான்கு பக்கச் செய்தி இதழ். விளம்பரம் கிடையாது, முதலாளி, ஆசிரியர், நிருபர் எல்லாம் ஒருவரே. சுமார் 5,300 சந்தாதாரர்களோடு தொடங்கி, நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ 70,000 பேரை எட்டியிருந்தது. சிறிய இதழ் நடத்துவது கைக்காசைக் கரைக்கும் வேலை என்பதுதான் தமிழ் வாசகர்கள் கண்டிருக்கும் வழக்கம். இந்த இதழோ நடத்தியவரின் குடும்பத்துக்குச் சோறு போட்டது. வாசகரின் நம்பிக்கையை மட்டுமே முதலாக வைத்துப் பிழைத்த இதழ்களில் இதைப்போல் முழுமையாக ஆராயத்தக்கது வேறொன்று இருப்பது அரிது.

தோற்றம்

இதழை நடத்திய இசிடோர் ஃபைன்ஸ்டைன் ஸ்டோன் 1907இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். 1937இல் 'ஸ்டோன்' என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். நியூயார்க்கின் இடதுசாரி நாளிதழ்களான பி.எம்., ஸ்டார், டெய்லி காம்பஸ் ஆகியவற்றில் அடுத்தடுத்து எழுதினார். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கடைசியாகக் காம்பஸ் 1952 நவம்பரில் நின்றது. கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியின் கை ஓங்கியிருந்த நேரம் அது. நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில், காதும் சரியாகக் கேட்காத, 'சிவப்பு' முத்திரை குத்தப்பட்ட ஒருவருக்கு வேலை கொடுக்க எந்தப் பத்திரிகையும் முன்வரவில்லை.

காம்பஸ் கணக்குத் தீர்த்துக் கொடுத்த 3,500 டாலர், நண்பர் ஒருவர் வட்டியில்லாமல் கொடுத்த 3,000 டாலர் ஆகியவைதான் மூலதனம். அதைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது: நின்றுபோன நாளிதழ்களின் சந்தாதாரர் பட்டியல்கள். ஜார்ஜ் செல்டெஸ் நடத்தி 1950இல் நிறுத்திய 'இன் ஃபேக்ட்' என்ற செய்திமடலின் பட்டியலும் கிடைத்தது. அவற்றில் இருந்தவர்களுக்கு, ஆண்டுச் சந்தா ஐந்து டாலர், முன்பணமாக அனுப்புங்கள் என்று கடிதம் போனது. இதழ் என்ன வடிவில் வரும் என்று பார்க்காமலேயே ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் அந்தத் தொடக்கச் சந்தாதாரர்களில் உண்டு. இந்த நம்பிக்கை ஒரு கடிதத்தில் விளைந்ததல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெயரின் கீழ் வந்ததைப் படித்துப் பழகியதன் பலன். அத்தகைய இதழ் தபால் பெட்டியில் வந்து விழுவதே ஒருவரின் வேலைக்கு உலைவைக்கக்கூடிய காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எழுதிய முறை

எழுதியவர் தீவிரக் கருத்துடையவர். இதழின் தோற்றமோ அடக்கமானது. கூச்சலிடும் தலைப்புகளைத் தவிர்த்து, பழைய பாணி அச்செழுத்தில், ஒரு அரசாங்கக் குறிப்பேட்டின் அமைதியோடு அதை அமைத்தார். ஒரே அதிகாரி இரண்டு இடங்களில் சொன்ன முரணான கூற்றுகளை அருகருகே வைக்கும் பெட்டிச் செய்தி அவருடைய தனி முத்திரை.

'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்ற சொற்றொடருக்கு அவரிடம் வேலை இருக்கவில்லை. பெரிய பத்திரிகை நிருபர்கள் அமைச்சர்களோடு விருந்து உண்டார்கள். அந்தக் கதவுகள் இவருக்கு மூடியிருந்தன; செவிக்குறை இருந்ததால் செய்தியாளர் கூட்டங்களும் அவ்வளவாகப் பயன்படவில்லை. எனவே நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், விசாரணைக் குழுக்களின் சாட்சியங்கள், துறை அறிக்கைகள் என அரசே அச்சிட்டு யாரும் புரட்டாமல் கிடந்ததையெல்லாம் படித்தார். இல்லாமையிலிருந்து பிறந்த இந்த முறைதான் அவருக்குக் கவசமானது. ஆதாரம் அரசின் காகிதம். சந்தேகம் உள்ள வாசகர் தானே எடுத்துப் பார்க்கலாம். கருத்தில் முரண்படுபவர்கூட எண்களை மறுக்க முடியாது.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் நிலத்தடி அணுச்சோதனை விவகாரம். 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடாவில் 'ரெய்னியர்' என்ற சோதனை நடந்தது. வெளிநாட்டு நிலநடுக்கமானிகளிலும் அதிர்வு பதிவானதாக நியூயார்க் டைம்ஸில் ஓரிரு வரித் துணுக்குகள் வந்தன. ஸ்டோன் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, சோதனைத் தடை ஒப்பந்தம் பற்றிய வாதம் சூடேறிய வேளையில், அந்த அதிர்வு 200 மைலுக்கு அப்பால் உணரப்படவில்லை என்று அணுசக்தி ஆணையம் அறிவித்தது. அவ்வளவுதான் எட்டும் என்றால் திருட்டுத்தனமான சோதனைகளைக் கண்டுபிடிக்க முடியாது, ஒப்பந்தமே பொருளற்றதாகிவிடும். ஸ்டோன் கத்தரித்த துணுக்குகளைத் தேடி எடுத்தார். வணிகத் துறையின் கீழ் இருந்த கடற்கரை, நில அளவைத் துறையின் நிலநடுக்க ஆய்வாளர்களைக் கேட்டார். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் வரை, சுமார் 2,300 மைல் தொலைவில், அதிர்வு பதிவாகியிருந்தது தெரிந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று.

1965 பிப்ரவரியில் வெளியுறவுத் துறை வியட்நாம் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டபோதும் இதே வழிதான். தென் வியட்நாம் கெரில்லாக்களுக்கு வடக்கிலிருந்து ஆயுதம் குவிகிறது என்றது அறிக்கை. அதன் பிற்சேர்க்கையில் பட்டியலிடப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் நாட்டு ஆயுதங்கள் 179. பென்டகனே சொன்ன மொத்தக் கைப்பற்றலோடு ஸ்டோன் அதை ஒப்பிட்டார். நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை. போர் எதிர்ப்பு வளர வளர இதழின் சந்தாவும் ஏறியது.

சந்தா சரிந்த ஆண்டு

1956இல் சோவியத் நாட்டுக்குச் சென்று திரும்பிய ஸ்டோன், அங்குள்ள ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அவருடைய வாசகர்களில் கணிசமானோர் சோவியத் அனுதாபிகள். சில நூறு பேர் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். சில ஆயிரம் பேரை நம்பி நடக்கும் வீட்டுத் தொழிலில் இது சாதாரண இழப்பல்ல. மற்ற வெற்றிக் கதைகளைவிட இதுவே இதழின் குணத்தைக் காட்டுவதாகத் தோன்றுகிறது: வாசகர் கேட்க விரும்பியதை விற்கும் கடையாக அது இருந்திருந்தால், அந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்காது.

வரவு செலவு

சந்தாக் கணக்கு, முகவரி, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை மனைவி எஸ்தர் கவனித்தார். செலவில் பெரும்பகுதி அச்சும் தபாலும்தான். இதழ்களுக்கான சலுகைத் தபால் கட்டணம் இல்லாவிட்டால் கணக்கு உதைத்திருக்கும். அவரை எஃப்.பி.ஐ. கண்காணித்து வந்தபோதும், அரசின் தபால் துறை அந்தச் சலுகையை மறுக்கவில்லை. சந்தா எத்தனை மடங்கு பெருகினாலும் ஆண்டுக்கு ஐந்து டாலர் என்ற விலை உயரவே இல்லை. ஆள் சேர்த்து இதழைப் பெரிதாக்கும் ஆசையும் அவருக்கு வரவில்லை.

நிறுத்தம், பின்னர்

ஸ்டோனின் இதய நோயால் இதழ் இருவாரத்துக்கு ஒருமுறை என்றாகி, 1971 முடிவில் நின்றது. ஸ்டோன் நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸில் தொடர்ந்து எழுதினார். முதுமையில் பண்டைய கிரேக்கம் கற்று, 1988இல் சாக்ரடீஸ் விசாரணையைப் பற்றி நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார்.

1990களில் அவர் சோவியத் உளவுத்துறையோடு தொடர்பு கொண்டிருந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2009இல் ஹெய்ன்ஸ், கிளெர், வாசிலியேவ் எழுதிய நூல், 1936 முதல் 1938 வரை அவர் ஒத்துழைத்ததாகக் கூறியது. வரலாற்றாளர்கள் இதில் ஒருமனதாக இல்லை. அந்தக் காலத்தில் வீக்லி பிறக்கவே இல்லை. அதில் வந்த எண்களை, அவை எடுக்கப்பட்ட அரசு அறிக்கைகளோடு இன்றும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.