அரிவரியும் வாணி விழாவும்

நவராத்திரி நெருங்கியதும் நமது பாடசாலைகளில் வாணி விழாவுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. கும்பம் வைத்தல், கொலு அமைத்தல், அவலும் கடலையும் பங்கிடல் என்பவற்றோடு, கீழ்ப்பிரிவு மாணவர்க்கு விழாவைப் பற்றிய பாடமும் நடைபெறுகின்றது. முதல் மூன்று நாள் துர்க்கைக்கு, அடுத்த மூன்று இலக்குமிக்கு, இறுதி மூன்று சரசுவதிக்கு. வீரம், செல்வம், கல்வி. பத்தாம் நாள் விசயதசமி. பிள்ளைகள் இதனைப் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். ஏடுகளை அடுக்கிப் பூசையில் வைத்தபின் படிக்கலாகாது என்னும் விதியை இன்னும் மிகுந்த பக்தியோடு கடைப்பிடிக்கின்றனர். அத்துடன் பாடம் முடிந்துவிடுகின்றது. இவ்விழாவுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதோ, அவ்வரலாற்றிலே மனிதர் இருந்தனர் என்பதோ அவர்களுடைய செவிக்கு எட்டுவதில்லை.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறு எதற்கு என்று கேட்போர் உளர். மகிடாசுரன் கதையை விளங்கிக்கொள்ளும் பிள்ளை, சரசுவதிக்குச் சிலை செய்து வைத்தவன் யார் என்பதை விளங்கிக்கொள்ள மாட்டாதா?

அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை சுவையானது. காலக்குறிப்போடு கிடைத்துள்ள சரசுவதி சிலைகளுள் மிகப் பழையது, வட இந்தியாவில் மதுரா நகரத்துக் கங்காளி மேட்டிலே கண்டெடுக்கப்பட்டதாகும். இலக்னோ அரும்பொருட்சாலைக்குச் சென்று சேர்ந்த அச்சிலை கி.பி. 2ஆம் நூற்றாண்டினது. தலை உடைந்து போயிற்று. இடக்கரத்திலே ஏட்டுச் சுவடி இருக்கின்றது. நாம் படங்களிற் காணும் வீணையும் இல்லை, அன்னமும் இல்லை. அது சைவரோ வைணவரோ வைத்த சிலையன்று, சமணர் வைத்தது. பீடத்திற் பொறித்துள்ள எழுத்துக்கள் அதனை வழங்கியவன் பெயரையும் நமக்கு விட்டுச்சென்றுள்ளன. சீகன் என்பவனுடைய மகன் கோவன், தொழிலாற் கொல்லன். எல்லா உயிர்களினதும் நன்மைக்காக அவன் அதனை வழங்கினான் என்றும் அவ்வெழுத்துக்கள் கூறுகின்றன.

அரசனல்லன், பெருவணிகனுமல்லன், உலைக்களத்தில் உழைத்த ஒருவன் கல்வித் தெய்வத்துக்குச் சிலை எடுத்திருக்கின்றான். இதனைச் சொல்வதற்குத் தடித்த நூல்கள் வேண்டியதில்லை. கரும்பலகையிலே தலையில்லாத அவ்வுருவத்தைக் கீறி, கையில் இருப்பது யாது, கொடுத்தவர் யாராயிருக்கலாம் என்று பிள்ளைகளையே கேட்கலாம். ஆயுத பூசையன்று தச்சன் உளியையும் கொல்லன் சம்மட்டியையும் வைத்து வணங்குவதைக் கண்டிருக்கும் பிள்ளைக்குக் கோவன் அந்நியனல்லன்.

இதே செய்தி நமது வாய்மொழியிலும் மறைந்து கிடக்கின்றது. யாழ்ப்பாணத்தார் நெடுங்கணக்கையும் அதனைப் பயிலும் முதல் வகுப்பையும் அரிவரி என்றனர். அரி என்பது திருமாலின் பெயர். அக்காலத் திண்ணைப் பள்ளியில் எழுத்துத் தொடங்கும்போது 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லவைப்பர். சித்தரை வணங்கும் சமண வாழ்த்து மருவி அவ்வாறு நின்றது என ஆய்வாளர் விளக்குவர். ஆக, விசயதசமியன்று தந்தையின் மடியிலிருந்து அரிசியில் 'அ' எழுதிய சைவப் பிள்ளையின் நாவிலே திருமாலும் சமணரும் சேர்ந்தே குடியிருந்தனர். சமயங்களுக்கிடையே மதிலெழுப்ப விரும்புவோர் இவ்வொரு தொடரையேனும் ஆராய்ந்து பார்ப்பாராக.

திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு நவராத்திரி வயிற்றுப்பாட்டுக் காலமுமாகும். தமிழகத்தில் மாணவர் கோலாட்டமிட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்வர். வீட்டார் அளிக்கும் பணமும் பண்டமும் ஆசிரியருக்குச் சேரும். நிலையான சம்பளம் இல்லாதவருக்கு அதுவே பெரும் வரவு.

ஆனால் அவ்வேடும் அரிசியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டினவா? எட்டவில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; பிள்ளைகளுக்கென்று எளிய உரைநடையிற் பாலபாடங்களை எழுதினார். தமிழ்க் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டு மறுக்கத்தக்கதன்று. எனினும், சாதியாசாரத்தை அவர் கைவிட்டவரல்லர். மிசன் பாடசாலைகளும், வேதாகமத்திலே சமத்துவத்தைப் போதித்தபோதிலும், ஆசனத்தில் வேற்றுமையை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை வாங்கில் அமரக் கூடாது. நிலத்தில் அமர வேண்டும், அல்லது வகுப்புக்குப் புறம்பே நிற்க வேண்டும்.

1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகள் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற பணிப்புப் பிறந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு, ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னிற்க, அதனை ஆதரித்தது. எதிர்த்தோர் வாளாவிருக்கவில்லை. மனுக்கள் சென்றன, பிள்ளைகள் மறிக்கப்பட்டனர், பாடசாலைக் கட்டடங்கள் எரியூட்டப்பட்டன. ஆண்டுதோறும் ஏட்டை அடுக்கிச் சந்தனம் தெளித்துச் சரசுவதியை வணங்கிய சமுதாயத்திலேதான் ஏடுகள் இருந்த கட்டடங்களுக்குத் தீ மூட்டப்பட்டது!

இலவசக் கல்வி 1945இல் வந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. கோயிற் கதவங்கள் அதன் பின்னரும் இலகுவில் திறக்கவில்லை என்பதை 1968இன் மாவிட்டபுரம் உரைக்கும்.

இவற்றைக் கீழ்ப்பிரிவில் எவ்வாறு சொல்வது? தீ வைத்தவர் இன்ன ஊரார், இன்ன குலத்தார் என்று சொல்வதாற் பயனில்லை. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைச் சுட்டிப் பார்க்கும் நிலை வகுப்பிலே உண்டாகலாகாது. ஆனால் வாங்கும் நிலமும் பிள்ளைகள் கண்ணாற் காணும் பொருள்கள். கோவன் கதையைக் கேட்ட பிள்ளைகளிடம், ஒரு காலத்தில் இதுபோன்ற வகுப்பிலே சிலரை நிலத்தில் இருத்தினார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஏன், சேர் என்ற கேள்வி உடனே எழும். "அப்பொழுது சரசுவதி கோபிக்கவில்லையா?" என்றுகூட யாரேனும் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு மணி அடிக்கும்வரை இடம் கொடுங்கள். அவலையும் கடலையையும் அதன் பின்னர்ப் பங்கிடலாம்.