குச்சியை எரித்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டவர்கள்

வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே போகும் மெட்ரோ ரயிலில் இரண்டு பெயர்கள் பயணிகளை ஏமாற்றும். ஒன்று காலடிப்பேட்டை. யாருடைய காலடியும் அங்கே பதியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் கலெட் பெயரில் அமைந்த நெசவாளர் குடியிருப்பு அது. கலெட்பேட்டை நாக்கில் உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. இன்னொன்று, 2021 பிப்ரவரி 14 அன்று இந்த நீட்டிப்பு திறக்கப்பட்டபோது கடைசி நிலையமாக இருந்த விம்கோ நகர். இது ஒரு தீப்பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயர்.

வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதல் எழுத்துகள்தான் விம்கோ. மேற்கு இந்தியாவின் பெயரைச் சூடிக்கொண்டு கிழக்குக் கடற்கரையில், திருவொற்றியூரில், ஆலை நடத்தியது. அந்த மேற்கு இந்தியப் பெயருக்குப் பின்னால் இருந்ததோ ஸ்வீடன்.

முதல் உலகப் போருக்கு முன் இந்தியர்கள் உரசிய நெருப்பு பெரும்பாலும் கப்பலில் வந்தது. ஸ்வீடன், ஆஸ்திரியா, பிறகு ஜப்பான். போர்க்காலத்தில் ஐரோப்பியச் சரக்கு குறைய, ஜப்பான் அந்த இடத்தைப் பிடித்தது. வாங்குகிறவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியும் என்பது ஏற்றுமதியாளர்களுக்குப் புரிந்திருந்தது. வெளிநாட்டில் அச்சான சிறு தாள்களில் கிருஷ்ணரும் லட்சுமியும் வந்தார்கள்; ரவி வர்மா ஓவியங்களைப் பார்த்து வரைந்த படங்களும் உண்டு. 1895-இல் ஆமதாபாத்தில் குஜராத் இஸ்லாம் மேட்ச் கம்பெனி தொடங்கிய பிறகும் சந்தை இறக்குமதியின் கையில்தான்.

1922-இல் கணக்கு மாறியது. இறக்குமதித் தீப்பெட்டிக்கு, ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் சுங்கம் விதித்தார்கள். பெட்டியை அனுப்பினால்தானே வரி? ஆலையையே இங்கே கொண்டுவந்துவிட்டால்? ஈவார் க்ரூகர் 1917-இல் உருவாக்கிய ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் அதைத்தான் செய்தது. 1923-இல் விம்கோ பிறந்தது. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, திருவொற்றியூர் என ஆலைகள் எழுந்தன. திருவொற்றியூருக்குத் துறைமுகமும் பக்கம், வடக்கே போகும் ரயில் பாதையும் பக்கம். உள்நாட்டு உற்பத்தியாளர்கள் சும்மா இருக்கவில்லை. ‘இந்தியாவில் செய்தது’ என்று போட்டுக்கொண்டு அந்நியர் லாபம் பார்க்கிறார்கள் என்ற முறையீடு 1928-இல் அறிக்கை தந்த சுங்கவரி வாரியம் வரை போனது. க்ரூகர் 1932-இல் பாரிஸில் குண்டடிபட்டு இறந்து கிடந்தார். அவருடைய பணச் சாம்ராஜ்யம் சரிந்தது. விம்கோ சரியவில்லை.

ஆலையில் செய்த ‘ஷிப்’ தீப்பெட்டியின் கப்பலும் ‘ஹோம்லைட்ஸ்’ என்ற பெயரும் பல தலைமுறைகளின் சமையலறையில் இருந்தன. ஆனால் சேகரிப்பவர்களின் ஆல்பத்தில் அதிக இடம் பிடித்தது தெற்கே இருந்து வந்த சரக்கு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அங்கே ஆலை என்று சொல்வதில்லை, ‘தீப்பெட்டி ஆபீஸ்’. இயந்திரம் குறைவு, கை அதிகம். நூற்றுக்கணக்கான ஆபீஸ்கள், ஒவ்வொன்றுக்கும் பல மார்க்குகள், ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு படம். அந்தப் படங்களை அச்சிடத்தான் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. காலண்டரும் டைரியும் பின்னால் வந்தவை.

இந்தப் படங்களைச் சேர்ப்பதற்கு 1943-இல் மார்ஜரி எவான்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ‘ஃபிலுமெனி’ என்று பெயர் வைத்தார். ஜப்பானின் தெயிச்சி யோஷிசாவா 1925 முதல் சேர்த்தவை 7 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. ‘தீப்பெட்டிப் படம்’ என்றால் போதும். டீக்கடை வாசலிலும் ரயில் பாதை ஓரத்திலும் பொறுக்கியதை நோட்டுக்குள் வைப்பார்கள். இரட்டையாக இருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்குவார்கள். சிகரெட் அட்டைக்கு வேறு கதி: வட்டத்துக்குள் வைத்துத் தட்டைக் கல்லால் அடிப்பார்கள். ஐ.டி.சி. நிறுவனம் சிகரெட் அட்டைகளுக்காக 1925-இல் தொடங்கிய அச்சுப் பிரிவின் ஆலைகளில் ஒன்றும் திருவொற்றியூரிலேயே இருக்கிறது.

படம் சேர்ப்பது எளிது. அது எந்த ஆண்டுப் படம் என்று சொல்வதில்தான் வித்தை.

முதலில் பெட்டியைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டி மெல்லிய மரச்சீவலால் ஆனது. அதன்மேல் தாள் சுற்றி, லேபிளைத் தனியாக ஒட்டினார்கள். பின்னாளில் அட்டைப்பெட்டி வந்ததும் படம் அட்டையிலேயே அச்சானது. ஆகவே தனித் தாளாகக் கிடைக்கும் லேபிள் பெரும்பாலும் மரப்பெட்டிக் காலத்தது. மாவுப் பசையில் ஒட்டியது என்பதால் தண்ணீரில் ஊறவைத்தால் தானே கழன்று மிதக்கும். அதையெடுத்துச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். அந்த மாவுப் பசைதான் பூச்சிக்கும் விருந்து. பின்புறத்தைக் கழுவாமல் வைத்தவர்களின் ஆல்பத்தைப் பூச்சி அரித்துவிடும்.

அடுத்தது வரி. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. பெட்டிக்கு 40, 60, 80 குச்சி என்று தரம் பிரித்து வசூலித்தார்கள். வரி கட்டியதற்குச் சான்றாக ஒவ்வொரு பெட்டியிலும் ‘பாண்ட்ரோல்’ என்ற சிறு காகிதப் பட்டை ஒட்டப்பட்டது. பெட்டியைத் திறந்தால் அது கிழியும். கிழியாத பட்டையோடு ஒரு பெட்டி கிடைத்தால், அதற்குள் இருக்கும் குச்சிகளை யாரும் தொட்டதில்லை என்று பொருள்.

பிறகு எழுத்து. விலையில் ‘நயா பைசா’ இருந்தால் அது 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அணா என்றால் அதற்கும் முந்தையது. ‘சென்னை மாநிலம்’ போய் ‘தமிழ்நாடு’ வந்தது 1969-இல். முகவரியில் 626123 என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. சிவகாசியை ராமநாதபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால் 1985-க்கு முந்தைய அச்சு. கோவில்பட்டியைத் திருநெல்வேலி மாவட்டம் என்றால் 1986-க்கு முந்தையது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் 1996-க்கு முன். தமிழ் எழுத்தில் இந்தத் துப்பு உதவாது. தமிழில் அது அதற்கு முன்பும் பெரும்பாலும் சென்னைதான்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மாவட்டம் பிரிந்த மறுநாளே யாரும் அச்சுக் கட்டையை உடைத்துப் போடுவதில்லை. கையிருப்பு தீரும்வரை பழைய லேபிளே ஓடும். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரே துப்பை நம்ப மாட்டார்கள். பூதக்கண்ணாடியை எடுப்பார்கள். கல் அச்சில் வண்ணம் ஒழுங்கற்ற பொடிப்புள்ளியாகத் தெரியும். ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். அடுத்துப் பின்புறம். பசைத் தடமே இல்லாமல் பளபளவென்று இருந்தால், பெட்டியில் ஏறாமல் அச்சகத்திலேயே தங்கிய கட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், அல்லது நேற்று அடித்த நகலாகவும் இருக்கலாம்.

போலியைக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம். அந்தக் காலத்துப் போலிகளையே தேடிச் சேர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒரு மார்க் நன்றாக விற்றால் அதே நிறம், அதே சட்டம், ஓரெழுத்து மாறிய பெயரோடு இன்னொன்று கடைக்கு வந்துவிடும். மூலத்தையும் அதன் சாயல்களையும் ஒரே பக்கத்தில் ஒட்டிவைத்தால், எந்தப் படம் எவ்வளவு விற்றது என்பது விற்பனைக் கணக்கைப் பார்க்காமலே விளங்கும்.

ஆலைக் கதைக்குத் திரும்புவோம். கைத்தொழில் தீப்பெட்டிக்கு வரிச் சலுகை கிடைத்தது. பின்னர் தீப்பெட்டித் தயாரிப்பு சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. பெரிய ஆலை வளர வழி குறுகியது. 2005-இல் விம்கோ ஐ.டி.சி. கைக்குப் போனது.

தீப்பெட்டி விலை 2007-இல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாயாகி, 2021 டிசம்பர் 1 அன்று 2 ரூபாயானது. அன்றோடு, ஒரு ரூபாய் விலை அச்சிட்ட பெட்டியும் சேகரிப்பவர் தேடும் பொருளாகிவிட்டது. விம்கோ நகர் நிலையத்தில் இறங்கி ஒரு டீக்கடையில் தீப்பெட்டி கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்றுதான் முகவரி இருக்கும்.