ஒரே கேபிளில் இரண்டு டிரைவ்

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கற்றுக்கொண்ட எங்கள் தலைமுறைக்கு ஒரு கட்டளை உண்டு: ஹார்ட் டிஸ்கையும் சிடி டிரைவையும் ஒரே கேபிளில் மாட்டாதே. ஏன் என்று சீனியரைக் கேட்டால், "சிடி ஸ்லோப்பா, டிஸ்கையும் சேர்த்து இழுத்துரும்" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கட்டளைக்கு உண்மையில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று சீக்கிரமே செத்துப்போனது, மற்றது கேபிள் இருந்தவரை இருந்தது. தெரு பிடித்துக்கொண்டது செத்ததைத்தான்.

அந்தக் கேபிள் இணைப்பின் பெயர் ஐடிஇ. 1986 வாக்கில் காம்பாக் கம்ப்யூட்டர்களில் வந்தது. நாற்பது முனைகள், சாம்பல் நிறப் பட்டைக் கேபிள், அதிகபட்சம் 18 அங்குலம். ஒரு கேபிளில் இரண்டு டிரைவ். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை டிரைவின் பின்பக்கம் இருக்கும் ஜம்பர் முடிவு செய்யும். அரிசி அளவே இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் துண்டு கை தவறி விழுந்தால், கடைத் தரையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அப்போது தரவு நகரும் வேகம் பிஐஓ மோடுகள் என்ற படிகளில் அளக்கப்பட்டது. மோடு 0 நொடிக்கு 3.3 மெகாபைட், மோடு 4 என்றால் 16.6. பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் கேபிளுக்கு ஒரே ஒரு வேகக் கணக்குதான். வேகமான டிஸ்கோடு மெதுவான டிரைவ் சேர்ந்தால், மெதுவானதன் கணக்குக்கே இரண்டும் ஓட வேண்டும். சீனியர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரிதான். ஆனால் 1996இல் வந்த இன்டெலின் பிஐஐஎக்ஸ்3 சிப், ஸ்லேவுக்கென்று தனி வேகக் கணக்கு வைத்துக்கொண்டது. பிறகு வந்த சிப்களிலும் அப்படித்தான். முதல் காரணம் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது காரணம் வேறு. கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும். சிடியிலிருந்து அதே கேபிளில் இருக்கும் டிஸ்குக்குக் காப்பி எடுத்தால், ஒன்று கட்டளையை முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். கீறல் விழுந்த சிடி என்றால் டிரைவ் படித்துப் படித்துப் பார்க்கும், டிஸ்க் சும்மா நிற்கும், திரை உறைந்துவிடும். வேகக் கணக்கு தனித்தனியாக இருந்தும் பயனில்லை. சிடி ரைட்டர் வந்ததும் இது காசு விஷயமாகிவிட்டது. டிஸ்கிலிருந்து தரவு வந்து சேரத் தாமதமானால் எழுதிக்கொண்டிருந்த சிடி பாழ். 2000இல் சான்யோவின் பர்ன்-புரூஃப் தொழில்நுட்பம் வந்த பிறகுதான் அந்தப் பயம் தணிந்தது.

கேபிளும் மாறியது. நொடிக்கு 66 மெகாபைட் வேக அல்ட்ரா டிஎம்ஏ 66க்கு எண்பது கம்பி வேண்டும். முனை அதே நாற்பதுதான், கூடுதல் நாற்பதும் இடையிடையே ஓடும் எர்த் கம்பிகள். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. பழைய நாற்பது கம்பிக் கேபிளைப் போட்டால் போர்டு அதைக் கண்டுபிடித்து வேகத்தை 33 மெகாபைட்டிலேயே நிறுத்திவிடும். "டிஸ்க் ஸ்லோவா இருக்கு, சிடியைப் பிரிச்சு மாட்டு" என்று வந்த புகார்களில் பல, என் கணக்கில், மிச்சம் பிடிக்கப் போட்ட பழைய கேபிளின் வேலைதான்.

2004க்குப் பிறகு வந்த இன்டெல் போர்டுகள் பலவற்றில் ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா இணைப்புகள் நான்கு, ஐடிஇ ஒன்றே ஒன்று. பழைய டிஸ்கையும் டிவிடி ரைட்டரையும் சேர்த்தே மாட்ட வேண்டியிருந்தது. மாட்டினோம், ஓடியது.