கணக்குன்னாலே பயமா? பல்லாங்குழியும் தாயக்கட்டையும் கைகொடுக்கும்... எப்படி?

"கணக்கு நோட்டை எடு" என்றதும் வயிற்றுவலி வந்துவிடும் குழந்தைகள் பல வீடுகளில் உண்டு. எண்ணைவிட, தப்பாப் போட்டா திட்டு விழுமே என்ற பயம்தான் அவர்களைப் பெரும்பாலும் விரட்டுகிறது. விளையாட்டில் தோற்றால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. அதனால் குழந்தை தயங்காமல் எண்ணும். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்க வகுப்புகளில் ஆடல், பாடல், செயல்பாடுகள் வழியாகத்தான் எண்களைக் கற்றுத்தருகிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பல்லாங்குழி: வாய்ப்பாடும் மனக்கணக்கும்

பக்கத்துக்கு 7 என மொத்தம் 14 குழிகள். குழிக்கு 5 புளியங்கொட்டை போட்டால் ஒருவருக்கு 35, மொத்தம் 70. 'ஏழஞ்சு முப்பத்தஞ்சு' ஒப்பிக்காமலே கைக்கு வந்துவிடும். 'இந்தக் குழியை அள்ளினா எங்க போய் முடியும்?' என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் மனக்கணக்கு. குழியில் 4 சேர்ந்தால் 'பசு', எடுத்துக்கொள்ளலாம். அதனால் 3 இருக்கும் குழி மேலேயே குழந்தையின் கண் இருக்கும்.

தாயம்: நிகழ்தகவு

தாயக்கட்டையின் மூன்று பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகள். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் 3 விழ 4 வழிகள், தாயம் விழ 2 வழிகள். 6-க்கும், இரண்டுமே வெறுமையாக விழும் 12-க்கும் தலா ஒரே வழிதான். 50 முறை உருட்டி, எது எத்தனை முறை விழுந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். 'தாயம் ஏன் விழவே மாட்டேங்குது?' என்ற கேள்விக்குக் குழந்தையே விடை கண்டுபிடிக்கும்.

கடை விளையாட்டு: கழித்தல்

32 ரூபாய்க்குப் பொருள், கையில் 50 ரூபாய் நோட்டு. மீதி எவ்வளவு? கடைக்காரர் போல 8 வைத்து 40, இன்னும் 10 வைத்து 50 என எண்ணினால் 18 வந்துவிடும். கடன் வாங்கிக் கழிக்கத் திணறும் குழந்தைக்கு இந்த வழி எளிது.

பெற்றோர் கவனிக்க...

* விடையை உடனே சொல்லாதீங்க. 'எப்படி எண்ணின?' என்று கேளுங்க.
* 'எனக்கும் கணக்கு வராது' என்று குழந்தை முன்னால் சொல்லாதீங்க.
* ஆட்டத்தை டியூஷன் ஆக்காதீங்க. 15 நிமிடம் போதும்.

விளையாட்டு மட்டுமே போதாது. எழுதிப் பார்க்கும் பயிற்சியும் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதே கணக்கை நோட்டில் ஒருமுறை எழுத வைக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் எண்களைத் தொடர்ந்து குழப்பிக்கொண்டால், திட்டாமல் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள்.