பெயரில்லாமல் பிறந்த குழாய்

செங்கல்பட்டைத் தாண்டியதும் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டித் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கிளிப்பை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வண்டி பிரீமியர் பத்மினி. மும்பையில் அதன் தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது.

மறுநாள் கிழிந்த ஹோஸைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். மூன்று கடைகளில் "பத்மினிக்கு மேல் ஹோஸ்" என்று கேட்டேன். மூன்றிலும் இல்லை. நான்காவது கடையில் இருந்த பெரியவர் என்னை முடிக்க விடவில்லை. "வண்டி பேரச் சொல்லாதீங்க சார். பழசக் குடுங்க."

அவர் சொன்னதுதான் சரி. இந்தக் குழாய் பிறந்தபோது அதற்கு எந்த வண்டியின் பெயரும் கிடையாது. பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது.

வளையும் குழாய்க்கான தேவை தீயணைப்பில் எழுந்தது. 1670களில் ஆம்ஸ்டர்டாம் ஓவியர் யான் வான் டெர் ஹெய்டன் தன் சகோதரரோடு சேர்ந்து, தோலை நீளமாகத் தைத்துத் தீயணைப்புக் குழாய் செய்தார். தோல் காய்ந்தால் வெடிக்கும், தையலில் தண்ணீர் கசியும். ரப்பரும் அப்போதைக்கு உதவவில்லை. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் நிலைப்படுகிறது என்று கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அதே முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் அந்த முறைக்குப் பெயர் சூட்டியவர் ஹான்காக்கின் நண்பர். நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது அதே சொல்தான்.

1870இல் ஓஹியோவின் ஆக்ரான் நகரில் பெஞ்சமின் குட்ரிச் தொழிற்சாலை தொடங்கியபோது அவரது முதல் சரக்கு, பருத்தித் துணி போர்த்திய ரப்பர் தீயணைப்புக் குழாய். ரப்பர் தண்ணீரைக் கசியவிடாது, நூல் அழுத்தத்தைத் தாங்கும். என் ஹோஸைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது அதே கூட்டுதான் கண்ணில் பட்டது. உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், நடுவில் பின்னிய நூல், வெளியே இன்னொரு ரப்பர்த் தோல்.

காருக்கு இந்தக் குழாய் ஏன் வேண்டும்? எஞ்சின் ஆடும், ரேடியேட்டர் ஆடாமல் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இரும்புக் குழாயால் இறுக இணைத்தால் சில நாளில் விரிசல் விடும். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் சுடுநீர் தானே மேலேறி ரேடியேட்டருக்குப் போகும். ஆறியது கீழ்வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிர மற்றவற்றில் பம்ப் கிடையாது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளில் இந்த ஏற்பாடுதான். நடுவில் இருந்த ஹோஸோ சிறு ரப்பர்த் துண்டு. அளந்து வெட்டி இருபுறமும் கிளிப் போட்டால் தீர்ந்தது.

அந்த ரப்பர் வந்த வழியும் நீளம். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளின் கன்றுகள் இலங்கை ஹெனரத்கொடையில் வேர்விட்டன. பிறகு மலாயாவில் பெருந்தோட்டங்கள் வந்தன. கார் பெருகப் பெருக ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. கருக்கலில் எழுந்து பால்மரம் சீவப் போனவர்களில் நம் மக்கள் ஏராளம். காருக்குள் இருக்கும் ரப்பரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

இன்று கூலன்ட் ஹோஸில் இருப்பது மரத்துப் பால் இல்லை. 1930களில் நியோப்ரீன் வந்தது. 1960களில் வந்த ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் சுடுநீரையும் காற்றையும் நன்றாகத் தாங்குவதால் அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ஆகவே கூலன்ட் ஹோஸை வெட்டி பெட்ரோல் குழாயாக மாட்டுவது ஆபத்து. அதற்கு நைட்ரைல் போன்ற வேறு ரப்பர் வேண்டும்.

ஹோஸுக்குப் பெயர் ஒட்டியது வளைவால். பானெட் தாழ்ந்தது, இடம் குறுகியது, நேர்த்துண்டு போதவில்லை. முறுக்கு மாவு பிழிவதுபோல வேகாத ரப்பரைக் குழாயாகப் பிழிந்து, நூல் பின்னி, மேல்தோல் ஏற்றி, வளைந்த இரும்புக் கம்பி அச்சில் செருகி நீராவியில் வேகவைத்தார்கள். வெந்து வெளியே வரும்போது அந்த வளைவு அப்படியே நிற்கும். ஒவ்வொரு காருக்கும் ஒரு வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண். கார் நின்றால் அந்த அச்சும் ஓய்ந்துவிடும். பழைய வண்டிக்காரர்களின் திண்டாட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

பெரியவர் என் ஹோஸின் வாயை வெர்னியரில் அளந்தார். நிமிர்ந்து, கூரையில் கொத்தாகத் தொங்கிய ஹோஸ்களில் ஒன்றை எடுத்தார். அது என்னுடையதைவிட ஒரு முழம் நீளம். ஆனால் அதன் நடுவளைவு பழைய ஹோஸோடு ஒட்டி நின்றது. சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, கத்தியால் இருமுனையும் சீவினார்.

"இது எந்த வண்டியோடது பாய்?"

"எதுவா இருந்தா என்ன சார். உள்வாய் சரி, வளைவு சரி."

இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசுதான் ஆனது. நேர்க்குழாயைப் பலவந்தமாக வளைத்தால் மடிந்து தண்ணீர் அடைத்துக்கொள்ளும் என்று எச்சரித்தார். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். பழையதற்குள் சுருள்கம்பி இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் புதியதற்குள் போடச் சொன்னார், இல்லாவிட்டால் வேகத்தில் ஹோஸ் சப்பிவிடும். கிளிப்புக்குப் பக்கத்தில் விரலால் அமுக்கிப் பார்க்கவும் சொன்னார். விரிசல் பெரும்பாலும் முனைக்கு அருகில், உள்பக்கமிருந்துதான் தொடங்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் அங்கே கொழகொழவென்று அமுங்கினால் மாற்றிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ரேடியேட்டர் வாயில் ஒட்டியிருந்த பழைய ரப்பர்த் தூளை எமரி பேப்பரால் தேய்த்தேன். புதிய ஹோஸின் முனையைச் சுடுநீரில் முக்கியதும் இளகி வழுக்கிக்கொண்டு ஏறியது. எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி, ஆறிய பிறகு கிளிப்பை இன்னும் அரைச் சுற்று முடுக்கினேன்.