காற்றைப் பிடித்த பள்ளிக்கூடம்

மன்னார் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் முப்பது காற்றாலைகளை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தம்பபவனி என்று அதற்குப் பெயர். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபை கட்டியது; 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவொட். அந்த இயந்திரங்களைச் செய்து அனுப்பிய வெஸ்டாஸ் கம்பனியின் பூர்வீகம் டென்மார்க்கின் மேற்கே லெம் என்ற சிற்றூர். 1898இல் அங்கே ஒரு கொல்லர் பட்டறை போட்டார். அவருடைய மகன் 1945இல் தொடங்கிய கம்பனி சமையலறைச் சாமான்களும், பிறகு விவசாயிகளுக்கான இழுவைப் பெட்டிகளும் செய்து விற்றது. காற்றாலையின் பக்கம் அது திரும்பியது 1970களின் கடைசியில்தான்.

அந்தக் கொல்லன் பட்டறையிலிருந்து மன்னார் வரையுள்ள பாதையைத் தேடிப் போனால் நடுவழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் வருகிறது. எனக்கு இந்த வரலாற்றில் அக்கறை பிறந்தது அதனாலேயே.

காற்றை முதலில் வேலைக்கு அமர்த்தியவர்கள் ஐரோப்பியர் அல்லர். இன்றைய ஈரான்-ஆப்கான் எல்லையிலுள்ள சிஸ்தான் பிரதேசத்தின் காற்றாலைகளைப் பற்றிப் பத்தாம் நூற்றாண்டிலேயே மஸ்ஊதியும் இஸ்தக்ரியும் எழுதியிருக்கிறார்கள். ஈரானின் குராசான் பகுதியில் நஷ்திபான் என்ற ஊரில் அந்த வகை மண் ஆலைகள் இன்றும் நிற்கின்றன. (நமது மேடைகளில் இவ்விடத்தில் "எல்லாம் நம்மவர்கள் கண்டதுதான்" என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது வழக்கம். நான் அதற்காக இதைச் சொல்ல வரவில்லை.) அவை மாவரைத்தன, நீர் இறைத்தன. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது வேறு வேலை. 1887இல் ஸ்கொட்லாந்திலும் 1888இல் அமெரிக்காவிலும் ஒவ்வொருவர் தத்தம் வீட்டுக்கு அதைச் செய்து பார்த்திருந்தனர். ஊருக்கு என்று செய்ய நினைத்தவர் போல் லா கூர்.

லா கூர் 1846இல் பிறந்தவர். வானிலை ஆய்வு நிலையத்தில் உயர் பதவியில் இருந்தார்; தந்திக் கருவிகளில் புதுமைகள் செய்து பெயரும் பெற்றிருந்தார். தலைநகரில் இருந்திருந்தால் இன்னும் உயர்ந்திருப்பார். 1878இல் அதையெல்லாம் விட்டுவிட்டு அஸ்கோவ் கிராமத்து மக்கள் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார்.

மக்கள் கல்லூரி என்பதைச் சற்று விளக்க வேண்டும். குருண்ட்விக் என்ற மதபோதகரின் சிந்தனையில் பிறந்த பாடசாலைகள் அவை. விவசாயிகளின் வளர்ந்த பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பார்கள். பரீட்சை கிடையாது, சான்றிதழும் கிடையாது. முதலாவது பாடசாலை 1844இல் ரொட்டிங் என்ற ஊரில் எழுந்தது. 1864ஆம் ஆண்டு யுத்தத்தில் டென்மார்க் தோற்று அந்த ஊர் எதிரியின் பக்கம் போய்விடவே, மறுவருடம் பாடசாலையை எல்லைக்கு இப்பால் அஸ்கோவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மண்ணை இழந்த ஒரு சமூகம் எல்லையோரத்தில் வைத்த பள்ளிக்கூடம் அது. 1990க்குப் பிறகு புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பாடசாலை நடத்தியவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

லா கூரை ஒரு கவலை அரித்தது. மின்சாரம் நகரங்களுக்கு மட்டும் வந்தால் கிராமத்து இளைஞர்கள் நகரத்துக்கே போய்விடுவார்கள், கிராமம் கிழவர்களின் ஊராகிவிடும் என்பதே அது. 1891இல் அரசாங்கம் கொடுத்த சிறு தொகையைக் கொண்டு பாடசாலை வளவில் ஒரு காற்றாலையை நிறுத்தித் தைனமோவைப் பூட்டினார். காற்று வரும், போகும். வராத நேரத்தில் என்ன செய்வது? இன்றும் பொறியியலாளர்கள் மண்டையை உடைக்கும் கேள்வி இது. லா கூர் அந்த மின்சாரத்தால் நீரை மின்பகுப்புச் செய்து, ஐதரசனையும் ஒட்சிசனையும் தாங்கிகளில் சேமித்தார். 1895 தொடக்கம் ஏழு வருடங்கள் அஸ்கோவ் பாடசாலையின் விளக்குகள் அந்த வாயுவில் எரிந்தன. இடைக்கிடை ஐதரசன் வெடித்துக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் பறந்ததும் உண்டு. நமது கல்வி அலுவலகத்தில் அப்படி ஓர் அதிபர் இருந்திருந்தால் முதல் கண்ணாடியோடு இடமாற்றக் கடிதம் வந்திருக்கும்.

1897இல் பெரிய ஆலை ஒன்றைக் கட்டினார். குழாய்க்குள் காற்றை ஊதி மாதிரிச் சிறகுகளைச் சோதித்து, பல சிறகுகள் மெதுவாகச் சுற்றுவதைவிடச் சில சிறகுகள் வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரத்துக்கு நல்லது என்று கண்டார். மன்னாரில் நிற்பவற்றுக்கு மூன்றே சிறகுகள் இருப்பதற்கு அடிப்படை அந்தக் கணக்கு. 1903இல் காற்று மின்சாரத்துக்கென ஒரு சங்கம் அமைத்தார். 1904இல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்வேலைப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அந்த வகுப்பில் இருந்த பையன்களில் ஒருவன் யோஹன்னஸ் யூல்.

இன்னொரு காரணமும் உண்டு. 1882இலேயே டென்மார்க் விவசாயிகள் கூட்டுறவுப் பாற்சாலைகளைத் தொடங்கியிருந்தார்கள். பாலை ஒன்றாகச் சேர்த்து விற்றுக் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஊர் கூடி ஒரு சிறு மின்நிலையம் வைப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

1908இல் லா கூர் மறைந்தார். எண்ணெய் தட்டுப்பட்ட இரு உலக யுத்தங்களின்போதும் காற்றாலைகள் கைகொடுத்தன. யுத்தம் முடிந்து எண்ணெய் வந்ததும் மறக்கப்பட்டன. யூல் மட்டும் மறக்கவில்லை. ஒரு மின்சாரக் கம்பனியில் வேலை பார்த்துக்கொண்டே, அறுபது வயதை அடுத்து மீண்டும் ஆராய்ச்சியில் இறங்கினார். கெட்ஸர் என்ற இடத்தில் 1957இல் ஓடத் தொடங்கிய அவருடைய ஆலைக்கு மூன்று சிறகுகள், 200 கிலோவொட், ஆடலோட்ட மின்சாரத்தை நேரடியாகப் பொது வலையமைப்புக்குக் கொடுத்தது. புயல் வேகம் வந்தால் சிறகு நுனிகள் தாமே திரும்பித் தடையாகும். ஆனால் 1962இல் ஒரு குழு கணக்குப் போட்டு, எண்ணெயோடு ஒப்பிட்டால் காற்று கட்டுபடியாகாது என்று அறிக்கை கொடுத்தது. அன்றைய எண்ணெய் விலைக்கு அந்தக் கணக்கு பிழையில்லை. 1967இல் ஆலை நிறுத்தப்பட்டது. இரண்டு வருடத்தில் யூலும் காலமானார்.

பிறகு 1973. அரபு நாடுகள் றமழான் யுத்தம் என்று சொல்லும் போர். எண்ணெய் உற்பத்தி செய்யும் அரபு நாடுகள் ஏற்றுமதியைக் குறைத்தபோது, தன் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெயில் தங்கியிருந்த டென்மார்க் நிலைகுலைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நமக்கு அந்த நிலை விளங்கும்.

இந்த இடத்தில் நம் கட்டுரையாளர்கள் வழக்கமாக ஒரு தாவல் தாவுவார்கள்: நெருக்கடி வந்தது, டென்மார்க் காற்றுக்கு மாறியது என்று. அப்படி நடக்கவில்லை. அரசாங்கமும் மின்சாரக் கம்பனிகளும் முதலில் ஓடியது நிலக்கரியிடம். அடுத்தது அணுமின் நிலையம் என்று திட்டமும் போட்டார்கள். காற்றை எடுத்தவர்கள் வேறு ஆட்கள். கிறிஸ்தியன் ரீசகர் என்ற ஓடாவி யூலின் ஆலையைப் பார்த்து, 22 கிலோவொட் ஆலை ஒன்றைச் செய்து தன் வீட்டு வளவில் நிறுத்தி வலையமைப்போடு இணைத்தார். டுவிண்ட் பாடசாலைகளின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைச் சேர்த்து, மாணவர்களையும் தொண்டர்களையும் கூட்டி, 1975 தொடக்கம் மூன்று வருடத்தில் 2 மெகாவொட் காற்றாலையைத் தாங்களே கட்டி முடித்தார்கள். அந்நாளில் உலகிலேயே பெரியது. பிற்பாடு அரை நூற்றாண்டுக்கு அண்மித்த காலம் அது சுழன்றிருக்கிறது. (அந்த அமைப்பின் தலைமை பின்னர் பண விவகாரத்தில் நீதிமன்றம் ஏறியது. அதை மறைத்து இதைப் புகழக்கூடாது.) லெம் பட்டறைக்காரர்கள் தயாரிக்க எடுத்த முதல் மாதிரியும் வேறொரு கொல்லரும் ஓர் இளைஞரும் சேர்ந்து வரைந்ததுதான்.

அதே காலத்தில் ஜேர்மனியில் பெரிய கைத்தொழில் நிறுவனங்கள் கூடி 3 மெகாவொட் இராட்சத ஆலை ஒன்றைக் கட்டின. 1983இல் ஓடத் தொடங்கி, சில நூறு மணித்தியாலங்களே ஓடி, 1987இல் நின்றுவிட்டது. டென்மார்க் கொல்லர்களின் ஆலைகள் சிறியவை, பாரமானவை, பார்வைக்கு அழகில்லாதவை. ஆனால் உடைந்தால் செய்தவனே வந்து திருத்துவான். அடுத்ததை அந்தப் பிழையில்லாமல் செய்வான்.

அரசு என்ன செய்தது? 1978இல் ஒரு சோதனை நிலையம் வைத்தது. 1979இல் அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்குச் செலவில் 30 சதவீத மானியம் கொடுத்தது. 1985இல், பத்தாண்டுக்கு மேலான மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு, அணுமின் திட்டத்தைப் பாராளுமன்றம் கைவிட்டது. என் பார்வையில் இவை எல்லாவற்றிலும் துணிச்சலானது 1986இல் செய்தது. அந்த வருடம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. டென்மார்க் அரசு எண்ணெய் வரியைக் கூட்டி, மக்கள் கொடுக்கும் விலை இறங்காமல் பார்த்துக்கொண்டது. 1945இலும் 1962இலும் காற்றைக் கொன்றது மலிந்த எண்ணெய் என்பதை அவர்கள் மறந்திருக்கவில்லை. எண்ணெய் வரிசை கலைந்த மறுநாளே வரிசையை மறந்துவிடும் நாடுகளில் இப்படி ஒரு முடிவை எடுக்கும் அமைச்சர் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போவார்.

பால் விற்ற பழக்கம் காற்றிலும் கைகொடுத்தது. அயலவர்கள் சேர்ந்து ஓர் ஆலையைப் பங்குகளாகப் பிரித்து வாங்கினார்கள். ஒரு பங்கென்றால் ஆண்டுக்கு 1000 கிலோவொட் மணி. ஆலைக்கு அருகில் வசிப்பவர்கள்தான் வாங்கலாம்; தன் வீட்டுத் தேவையை ஒட்டித்தான் வாங்கலாம் என்று ஆரம்ப காலத்தில் கட்டுப்பாடும் இருந்தது. நூற்றாண்டு முடியும்போது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைப் பங்கு வைத்திருந்தன. கொப்பன்ஹேகன் கரையோரக் கடலில் நிற்கும் இருபது ஆலைகளில் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பங்காளர்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாகவே தொடங்கின. இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

2000க்குப் பிறகு அங்கும் நிலைமை மாறியது. ஆலைகள் உயர்ந்தன, கூட்டுறவுகளின் இடத்தில் பெரிய நிறுவனங்கள் வந்தன. உடனே எதிர்ப்புகளும் கிளம்பின. இரைச்சல், நிழல், காட்சி கெடுகிறது என்றார்கள். தங்களுடைய ஆலையின் இரைச்சல் இருபது வருடமாகக் கேட்காத அதே காதுகள்தாம். அதனால்தான் புதிய ஆலை வைப்பவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை நாலரைக் கிலோமீற்றருக்குள் வசிப்பவர்களுக்கு முதலில் விற்க முன்வர வேண்டும் என்று 2009இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020இல் அது நீக்கப்பட்டுவிட்டது.

மன்னாருக்குத் திரும்புவோம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளுக்கு அந்தத் தீவு வாசற்படி. 484 மெகாவொட்டில் மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை வைக்கவிருந்த இந்திய நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு ஆலைகள் வரப்போகின்றன என்றதும் அதே வருடம் ஓகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மழைநீர் ஓடும் வழி அடைபட்டது, மீன்பிடி குறைந்தது, பறவைகள் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் பல. அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று தெற்கில் சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மின்சார சபை அரசுடையது, ஆகவே தம்பபவனி எல்லோருக்கும் சொந்தம் என்று வாதிடலாம்தான். ஆனால் அந்த முப்பதில் ஒன்றிலும் பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ உள்ள ஒரு மீனவக் குடும்பத்துக்குப் பங்கு விற்கப்படவில்லை. கேட்டுப் போக ஒரு படிவமும் இருக்கவில்லை.